நெற்றியில் ஒட்டிய நூல்

சாலோமி ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் அவருடைய கீழ் இமையைத்தான் முதலில் பார்ப்பாள். இமை கருவிழியின் அடி விளிம்பைத் தொட்டு நிற்கிறதா, இல்லை இடையில் வெள்ளை தெரிகிறதா என்று ஒரு பார்வை. பேருந்தில் சீட்டுக் கிழிக்கும் நடத்துநர், ஆலயத்தில் காணிக்கைப் பை ஏந்தி வருகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று ஒருவரும் தப்ப முடியாது. அவள் கணவன் ஜாபேசுக்கு இது தெரியும். கல்யாண வீடுகளில் அவளைப் பைய இடித்து, "பொண்ணு மாப்ளயப் பாரு. இமையப் பாக்காத," என்பான்.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்கில் செவிலியர். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். அப்பா அப்பாத்துரை அங்கே உரக்கடை வைத்திருந்தார். மகளின் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் ஆசிரியை ஆக்க நினைத்தார். ஆனால் செவிலியர் படிப்புக்கான இடம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பயிற்சிக் காலத்தில் அவளைக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. மற்றவர்கள் நான்கு பேருக்கு ஊசி போட்டு முடிக்கும் நேரத்தில் அவள் இரண்டாவது ஆளின் கையைத் தடவி நரம்பு தேடிக்கொண்டிருப்பாள். வார்டுக்கு இந்த வேகம் ஆகாது என்று சொல்லித்தான் அவளை அரங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அந்த நிதானம் பயன்பட்டது. அவள் ஒன்றைப் பிடித்தால் அரை மணி நேரம் ஆனாலும் கை நடுங்காது.

முக எலும்பு அறுவை மருத்துவர் விஜயஸ்ரீ இந்த மருத்துவமனைக்கு வந்த முதல் மாதத்திலேயே இதைக் கவனித்துவிட்டார். கன்ன எலும்போ, கண்ணுக்கு அடியில் இருக்கும் மெல்லிய எலும்புத் தகடோ உடைந்தால், அதைச் சரிசெய்யக் கீழ் இமை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மருத்துவர் வேலை செய்யும் நேரம் முழுவதும் ஒருவர் அந்த இமையைச் சிறு கொக்கியால் விலக்கிப் பிடித்திருக்க வேண்டும். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கிழியும், இல்லாவிட்டால் வீங்கிப் பிறகு தழும்பாக இறுகும். தளர விட்டால் மருத்துவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அந்தக் கொக்கி ஏழு வருடமாகச் சாலோமியின் கையில் இருக்கிறது.

இமைக்குள் போக மூன்று வழி உண்டு. இமை மயிருக்குச் சற்றுக் கீழே கீறுவது ஒன்று. தழும்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆறும்போது இமை கீழே இழுபடும் ஆபத்து இதில்தான் அதிகம். இன்னும் கொஞ்சம் கீழே, தோலில் இயல்பாக விழும் மடிப்பிலேயே கீறுவது இன்னொன்று. கோடு லேசாகத் தெரியும், இமை அவ்வளவாக இறங்காது. மூன்றாவது, இமையை வெளியே மடித்து உள்பக்கச் சிவப்பு வழியாகப் போவது. வெளியே தழும்பே இருக்காது, ஆனால் உள்ளே இடம் குறுகல். சில வேளை இமை உள்நோக்கிச் சுருண்டு, மயிர் விழியை உரசவும் செய்யும். எந்த ஆளுக்கு எந்த வழி என்று விஜயஸ்ரீ முன்தினமே அவளிடம் சொல்லிவிடுவார். காரணத்தையும் சொல்வார்.

ஏன் இத்தனை யோசனை என்பதைச் சாலோமி சங்கரிடம் தெரிந்துகொண்டாள். சங்கர் விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் வேலை பார்த்தவன். கன்னம் உடைந்து வெளியூரில் எங்கோ அறுவை செய்துகொண்டு, எட்டு மாதம் கழித்து விஜயஸ்ரீயிடம் வந்தான். இடது கீழ் இமை தொங்கி, உள்பக்கச் சிவப்பு வெளியே தெரிந்தது. சைக்கிளில் போனால் காற்றுப் பட்டுத் தாரையாகக் கண்ணீர் வழிந்தது. ஆலைப் பஞ்சு பறந்து விழியில் ஒட்டியது.

"ராத்திரி ஃபேன் காத்து கண்ணுக்குள்ளயே அடிக்கு சிஸ்டர்," என்றான். "கண்ண மூடிட்டுதான் படுக்கேன். ஆனா மூட மாட்டேங்கு."

"இமையத் தடவி விடச் சொல்லி யாரும் சொல்லலியா?"

"யாரு சொன்னா? தையலப் பிரிச்சாக, போன்னாக. வந்துட்டேன்."

அவனுக்கு இரண்டு அறுவை செய்தார்கள். வாயின் மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து இமைக்குள் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். முக்கால்வாசி சரியானது. கண்ணை மூடச் சொல்லி இவள் கீழிருந்து பார்த்தபோது இமைகளுக்கு நடுவில் நூல் அளவுக்கு வெள்ளை தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்னார். சங்கர் ஆலை வேலையை விட்டுவிட்டான்.

போன வருடம் ஐப்பசியில் தாணுமாலையன் வந்தார். முக்கூடல்காரர். தாலுகா அலுவலகத்தில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் படித்துறைப் பாசியில் வழுக்கிக் கல்லில் கன்னம் மோத விழுந்திருந்தார். வலது கண் உள்ளே அமுங்கி, நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. கூட மனைவி அன்னத்தாய் வந்திருந்தாள்.

விஜயஸ்ரீ அவருடைய கீழ் இமையை இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுத்து விட்டார். வயதில் சின்னவர்களுக்கு அது சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும். இவருக்கு அப்படியே நின்றது. கண் சிமிட்டிய பிறகுதான் திரும்பிப் போனது.

"ரொம்பத் தளந்திருக்கு," என்றார் மருத்துவர்.

"உடம்புல எல்லாம் தளந்தாச்சு டாக்டரம்மா. அதுக்கு மட்டும் என்ன வீம்பு," என்றார் தாணுமாலையன்.

"பேசாம இருங்க. எங்க போனாலும் இந்த வாய்," என்றாள் அன்னத்தாய்.

தளர்ந்த இமை எளிதில் கீழே இழுபடும். அதனால் மடிப்பின் வழியாகப் போவது என்று விஜயஸ்ரீ முடிவு செய்தார். அந்த வயதுச் சுருக்கத்தில் கோடும் மறைந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் அறுவை நடந்தது. சாலோமி கொக்கியைப் பிடித்திருந்தாள். எலும்பு விளிம்பில் சின்னத் தகடு வைத்து, சதையை மேலே தூக்கிக் கட்டி, தோலைத் தைத்தார்கள். கடைசியில் கீழ் இமை விளிம்பில் ஒரு தையல் போட்டு, அந்த நூலை மேலே இழுத்து நெற்றியில் ஒட்டுப்பட்டையால் ஒட்டினார்கள். ஆறத் தொடங்கும் முதல் சில நாளில் இமை கீழே போகாமல் அந்த நூல் தூக்கிப் பிடித்திருக்கும்.

மாலையில் சாலோமி அவரைப் பார்க்க வார்டுக்குப் போனாள். அது அவள் வேலையில் சேர்ந்ததல்ல, பழக்கம். அன்னத்தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் முகம் வெளிறி நின்றாள்.

"சிஸ்டர், இது என்ன? கண்ண நெத்தியோட சேத்துத் தச்சிட்டியளா?"

"தைக்கலம்மா. சும்மா ஒட்டித்தான் வச்சிருக்கு. எடுத்துத் திரும்ப ஒட்டிக்கிடலாம். இங்கன பாருங்க."

பார்வை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் நேரமும் அதுதான். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்தால் பார்வையே போய்விடும், அதனால் முதல் நாள் அடிக்கடி பார்ப்பார்கள். சாலோமி பட்டையைப் பிரித்தாள். இமை திறந்தது.

"எத்தன விரல்?"

"மூணு. நடுவிரல்ல மோதிரம் இல்ல," என்றார் தாணுமாலையன்.

அவள் சிரித்துக்கொண்டே நூலை மறுபடி மேலே இழுத்து ஒட்டினாள். அன்னத்தாய் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். மூச்சு விட்டு, "அவ்வளவுதானா. நான் பயந்தே போனேன்," என்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு அரங்குக்குப் போகும் வழியில் சாலோமி வார்டில் எட்டிப் பார்த்தாள். தாணுமாலையன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு, அப்போது பூசியது போலப் பளிச்சென்று இருந்தது. வலது கண் அகலமாகத் திறந்திருந்தது. இமையின் உள்சிவப்பு வெளியே தெரிந்தது. நூல் கீழே வந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டுப்பட்டையின் நான்கு ஓரமும் ஒழுங்காக அழுத்திவிடப்பட்டிருந்தன.

"சிஸ்டர், இன்னைக்குத்தான் நல்லாத் தெரியுது," என்றார் அவர். "நேத்துப் பூரா இருட்டடிப்புல்லா செஞ்சிட்டிய."

சாலோமி உள்ளே வந்தாள். கை கழுவினாள். உறை மாட்டினாள். கன்னத்துப் பட்டையைப் பையப் பிரித்து நூலை மேலே தூக்கினாள். நெற்றியில் புதுப் பட்டை ஒட்டப் பார்த்தால் திருநீற்றின் மேல் பிடிக்கவில்லை. ஈரப் பஞ்சை எடுத்தாள்.

"சிஸ்டர், பூசுனத அழிக்காதிய," என்றாள் அன்னத்தாய்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சாலோமியின் கை நின்றுவிட்டது. பஞ்சைக் கீழே வைத்தாள். நூலின் நுனியை இரண்டு விரலால் புருவத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, வார்டு செவிலியரைக் கூப்பிட்டு மருத்துவரை வரச் சொன்னாள். வரும்வரை அப்படியே நின்றாள். இமை கண்ணை மூடிக்கொண்டது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள் அன்னத்தாய். "கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டேன். நெத்தியில துண்ணூறு பூசணும்லா. அந்தப் பட்ட குறுக்க கிடந்துது. எடுத்துக் கீழ ஒட்டுனேன்."

"நூலு இமையத் தூக்கிப் பிடிக்கதுக்கும்மா. கீழ ஒட்டுனா கீழ இழுக்கும்."

அன்னத்தாய் கணவரின் முகத்தைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். புரிந்தது முகத்தில் தெரிந்தது.

"நீங்கதான எடுத்து ஒட்டிக்கிடலாம்னு சொன்னிய."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"எங்கன ஒட்டணும்னு சொல்லலியே."

"சொல்லலம்மா."

தாணுமாலையன் மற்ற கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கும்லா தெரியல. நூலு எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கணும்னு மட்டும் நினைச்சேன்," என்றார்.

விஜயஸ்ரீ எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். நூலின் இழுப்பில் இமை விளிம்பு ஒரு இடத்தில் அறுந்திருந்தது. வீக்கம் கூடியிருந்தது.

"எத்தனை மணிக்கு எடுத்தது?"

"இப்பதான், கொஞ்ச நேரந்தான் இருக்கும்," என்றாள் அன்னத்தாய்.

"அஞ்சரை," என்றார் தாணுமாலையன். "அஞ்சரைக்கு நீறு பூசியாகணும் எனக்கு. நேரத்தத் தள்ளிச் சொன்னா வைத்தியம் தப்பாப் போகும்லா."

ஐந்து மணிக்கு வார்டு செவிலியர் பார்வையைச் சோதித்துக் குறித்திருந்தாள். அடுத்தது ஒன்பதுக்குத்தான். இரண்டு மணி நேரம் இமை தலைகீழாக இழுபட்டிருக்கிறது. விஜயஸ்ரீ வார்டு செவிலியர் பக்கம் திரும்பினார். அவள் வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"நான்தான் மேடம்," என்றாள் சாலோமி. "எடுத்துத் திரும்ப ஒட்டலாம்னு நேத்து நான்தான் காட்டிக் குடுத்தேன். வேற யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லல."

விஜயஸ்ரீ அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சாலோமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "புதுத் தையல் போடணும். நாலு நாளைக்கு இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். கைகழுவும் இடத்துக்கு வந்த பிறகு, குரலைத் தாழ்த்தி, "தளர்ந்த இமை. என்ன ஆகும்னு இப்பச் சொல்ல முடியாது," என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டுப் புதுத் தையல் போட்டார்கள். இப்போது எங்கே ஒட்டுவது என்ற கேள்வி வந்தது.

"நாலு நாள் நெத்தி வெறுமையாவா?" என்றார் தாணுமாலையன். முதன்முறையாக அவர் குரலில் கேலி இல்லை. "செய்யுங்க. நான் குறுக்க நிக்கல. கண்ணு போச்சுன்னா யாரக் கேக்க. ஆனா ஏழு வயசுலருந்து பூசாம ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல, அதச் சொல்லிட்டேன்."

திருநீறு எப்போது பூசுவார்கள், எவ்வளவு அகலம், எங்கே தொடங்கி எங்கே முடியும் என்றெல்லாம் சாலோமி யோசித்ததே இல்லை. இந்த ஊரில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறாள். பேருந்தில் பக்கத்து இருக்கையில், மருந்துக்கடையில், வங்கியில் தினமும் பார்க்கிற நெற்றிகள். அத்தனை பேரின் இமையையும் பார்த்தவள், அதற்கு மேலே பார்வையைக் கொண்டுபோனதில்லை.

"எதுவரைக்கும் பூசுவீங்கன்னு விரல வச்சுக் காட்டுங்க ஐயா," என்றாள்.

அவர் மூன்று விரலை நெற்றியில் வைத்து இடமிருந்து வலமாக இழுத்துக் காட்டினார். வலது புருவத்தின் வெளிநுனிக்கு மேலே, காதுப் பக்க நெற்றிப்பொட்டை ஒட்டி, ஒரு விரல் அகல இடம் மிஞ்சியது. சாலோமி பட்டையை நீளவாக்கில் இரண்டாகக் கத்தரித்து அங்கே வைத்துப் பார்த்தாள். நூல் நேர் மேலே போகாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மருத்துவரைப் பார்த்தாள்.

"சரிதான். வெளிப்பக்கம் சாய்ச்சு இழுத்தா இவர் இமைக்கு இன்னும் நல்லது," என்றார் விஜயஸ்ரீ. "ஆனா பொடி கண்ணுல விழக் கூடாது."

பொடி விழாமலிருக்கத் திருநீற்றைக் குழைத்துப் பூசுவது என்று பேசிக்கொண்டார்கள். நான்கு நாளும் காலை ஐந்தரைக்கு அன்னத்தாய் பூச, யாராவது ஒரு செவிலியர் அவர் கண்ணின் மேல் பஞ்சுத் துணியை வைத்துப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு நாள் சாலோமியே பிடித்தாள். அதற்காக முதல் பேருந்தைப் பிடித்து வந்தாள்.

"எங்க இவ்வளவு வெள்ளன?" என்று கேட்ட ஜாபேசிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் ஆலயப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியிலும் இருந்தான்.

"அப்ப நீ போயி அவருக்குத் துண்ணூறு பூச இடம் அளந்து குடுத்திருக்க."

"பட்ட ஒட்ட இடம் அளந்தேன்."

"சர்ச் ஐயர் காதுல விழுந்தா அப்படியே சொல்லு," என்று சிரித்துவிட்டு, அவளுக்குத் தேநீர் போடப் போனான்.

இரண்டு வாரம் கழித்து இமை தடவலைச் சொல்லிக் கொடுத்தாள். விரல் நுனியைத் தழும்புக்குக் கீழே வைத்து, இமை மயிரை நோக்கி மேலே தள்ளி, பத்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். நாளைக்கு ஆறு முறை. இந்தத் தடவை சொல்லிவிட்டு வந்துவிடவில்லை.

"செஞ்சு காட்டுங்கம்மா."

அன்னத்தாய் செய்தாள்.

"எந்தப் பக்கம் தள்ளக் கூடாது?"

"கீழ."

"ஐயா, நீங்க சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துல சேத்துட்டாகளே," என்றார் தாணுமாலையன். "மேல. மேல. மேல. போதுமா டீச்சர்?"

மூன்றாம் வாரம் விஜயஸ்ரீ சிறிய அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கருவிழிக்கும் இமைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை இருந்தது. கண்ணை மூடினால் கோடாக வெள்ளை தெரிந்தது. சாலோமி அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். சங்கரும் எங்கோ இதே இரண்டு மில்லிமீட்டரில்தான் தொடங்கியிருப்பான். தழும்புக்குள் மருந்து ஊசி போட்டார்கள். படுக்கும் முன் களிம்பு போடச் சொன்னார்கள். ஆறு மாதம்வரை பார்த்துவிட்டு இமையை மறுபடி அறுக்கலாமா என்று முடிவு செய்யலாம் என்றார் மருத்துவர்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருவரும் முக்கூடலிலிருந்து பேருந்தில் வந்தார்கள். தாணுமாலையனின் கேலி குறையவில்லை, ஆனால் அன்னத்தாய் பேசுவது குறைந்திருந்தது. ஒரு நாள் அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது அவள் சொன்னாள்: "அவுக ஒரு சொல்லு சொல்லல சிஸ்டர். சொன்னாத் தேவலன்னு இருக்கு."

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துது," என்றாள் சாலோமி.

அந்த இரண்டு மணி நேரத்தால்தான் இமை இறங்கியதா, இல்லை தளர்ந்த இமை எப்படியும் இறங்கியிருக்குமா என்று அவள் விஜயஸ்ரீயிடம் ஒருமுறை கேட்டாள். "யாராலயும் சொல்ல முடியாது சாலோமி," என்றார் அவர். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அறுவைக்கு முன்தினம் ஒவ்வொருவரிடமும் போய், காலையில் எழுந்ததும் முகத்தில் என்னென்ன செய்வீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கினாள். குங்குமம், சந்தனம், தொழுகைக்கு முன் முகம் கழுவும் ஒளு, பவுடர், சவரம் என்று பதில்கள் வந்தன. ஒரு பெண் வாசலில் நின்று சூரியனைப் பார்ப்பேன் என்றாள். சிலர் இந்த நர்சுக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள். அவள் எல்லாவற்றையும் கேஸ் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

ஆறாம் வாரமும் இரண்டு மில்லிமீட்டர்தான். மூன்றாம் மாதம் ஒன்றரை. அதற்கு மேல் அசையவில்லை என்று நினைத்திருந்தபோது, சித்திரையில், ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் அவர்கள் வந்தார்கள். அன்னத்தாயின் வலது ஆள்காட்டி விரல் நுனி களிம்பு பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. ஆறு முறைக்குப் பதில் பத்து முறை செய்ததாகச் சொன்னாள்.

விஜயஸ்ரீ அரங்கிலிருந்து வரத் தாமதமானது. "நீயே பாத்துவை," என்று சொல்லி அனுப்பினார். சாலோமி அளவுகோலைப் பிடித்தாள். ஒன்று. மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒன்றுதான். அது பெரிதில்லை. அடிபடாத இடது கண்ணிலேயே அரை மில்லிமீட்டர் இருக்கிறது. கண் மூடுகிறதா என்பதுதான் கேள்வி.

"இப்ப மூடுங்க ஐயா. இறுக்காண்டாம். தூங்குத மாதிரி, லேசா."

அவர் மூடினார். சாலோமி நாற்காலிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கீழிருந்து டார்ச்சை அடித்தாள். இமைகள் சேரும் இடத்தை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிக்கோடி வரைக்கும் பார்த்தாள். திரும்ப வெளிக்கோடியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டே வந்தாள். மேல் இமை மயிரும் கீழ் இமை மயிரும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. நடுவில் வெள்ளை எதுவும் இல்லை.

அன்னத்தாய் பின்னால் நின்றாள்.

"தொறக்கலாமா?" என்றார் தாணுமாலையன்.

"கொஞ்சம் இருங்க ஐயா," என்றாள் சாலோமி. "உங்க வீட்டம்மாவும் ஒரு தடவ பாக்கட்டும்."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அன்னத்தாய் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் குத்தவைத்தாள்.